ஒயின் பாட்டிலுக்குத் ‘திராட்சை ரசம்’ என்று லேபிள் கேட்காதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடை வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்தி வரும். “அண்ணே, முப்பது பாட்டிலுக்கு ஸ்டிக்கர் வேணும். வீட்ல போட்டதுதான்.” என்ன போட்டது என்று கேட்டால் கொஞ்ச நேரம் பதில் இருக்காது. அப்புறம், “திராட்சை ரசம்ணே.”

பத்தொன்பது வருஷமாக மதுரையில் லேபிள் வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கிறேன். ஊறுகாய், நன்னாரி சர்பத், தேன், செக்கு எண்ணெய், அரிசி முறுக்கு என்று எல்லாமே என் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. அந்தப் பதில் வராத நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும். முன்பு தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒருவருக்கு அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன். ஊதா நிறத்தில் ஒரு கொத்து, தங்க நிற பார்டர், நடுவில் ‘திராட்சை ரசம்’, கீழே சின்னதாக ‘இயற்கையானது’. கிறிஸ்துமஸ் அன்று விருந்துக்கு வந்த வீட்டுப் பையன், ஏழு வயசு, ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்து ஒன்றரை டம்ளர் குடித்துவிட்டான். இனிப்பாகத்தானே இருக்கும். வாந்தி, தலை நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான். நாலு நாள் கழித்து அவன் அம்மா அந்த பாட்டிலோடு என் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. மேஜையில் வைத்துவிட்டு, “இதுல ஜூஸ்னுதானே போட்டிருக்கு?” என்று மட்டும் கேட்டார். ஃப்ரிட்ஜ் ஈரத்தில் லேபிளின் ஒரு மூலை எழும்பியிருந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்துக்குள்ளேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கேட்பவர்கள் ஒரே மதத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். யூடியூப் பார்த்துப் போடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

அந்தச் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. வேதாகமத்தில் திராட்சரசம் என்றால் ஒயின். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் திராட்சை ரசம் என்றால் பழரசம். கேட்கிறவருக்கு இரண்டும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். “ஈஸ்ட் போடலைண்ணே, வெறும் திராட்சையும் சீனியும்தான்” என்பார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சையைச் சீனியோடு பிசைந்து பரணியில் துணி கட்டி இருபத்தொரு நாள் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புளிக்காமல் நுரை எதற்கு வந்தது?

இனி எனக்கு ரொம்ப எரிச்சல் தருகிற விஷயம். லேபிள் ஒட்டிவிட்டால் சரக்கு ‘முறைப்படி’ ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டுக்கு என்றாலும், சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தாலும் அதுதான். என் மெஷினிலிருந்து வருகிற ஸ்டிக்கர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. லேபிள் என்பது உள்ளே இருப்பதைச் சொல்வது. அனுமதி கொடுப்பது இல்லை. அனுமதி முதலில், லேபிள் பிறகு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருகிறவர்களிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசுகிறேன். ஒயின் மட்டும் இல்லை, சர்பத் போடுகிறவர்களும் இப்படித்தான்.

உணவுப் பொட்டலங்களில் இருக்கிற 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையே, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். “வேற ஏதாச்சும் பாட்டில்ல இருக்குற நம்பரைப் போட்டு விடுங்கண்ணே, யாரு பாக்கப் போறா?” யாராவது பார்ப்பார்கள். எண்ணை இணையத்தில் அடித்தால் யாருடைய தொழில், எந்த ஊர் என்று வந்துவிடும். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு தொழில் பதிவு. வீட்டில் ஊறுகாய் போடுகிற அக்கா பெரிய கம்பெனி உரிம எண்ணை ஒட்டிக்கொண்டு வந்தால் எனக்கே முதல் இலக்கத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, ஊறுகாய்க்கு வாங்கிய பதிவு ஒயினுக்குக் குடை பிடிக்காது. எண் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். கேட்டிருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அந்த மகன் அங்கே வீட்டில் போடுகிற ஒயினுக்கு லேபிள் வடிவமைத்துத் தந்திருக்கிறேன். அங்கே மத்திய சட்டப்படி வயது வந்த ஒருவர் வருஷத்துக்கு 100 கேலன், இருவர் இருக்கிற வீடு என்றால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அந்தப் பையன் கேட்டது ரொம்ப எளிமை: எந்தத் திராட்சை, எந்த வருஷம், என்றைக்கு பாட்டிலில் அடைத்தது, சல்ஃபைட் சேர்த்திருக்கிறது. முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் ‘ஒயின்’. சாதாரணத் தாளில் அடித்துப் பாலைத் தடவி ஒட்டுவார்களாம். காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் ஊறவைத்தால் சுத்தமாக வந்துவிடும். தொழில்காரனுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் அங்கே. கோரிப்பாளையத்துக்கு வராது.

சரி, பழரசம், சர்பத் என்று நேர்மையாகப் போடுகிறவர்களுக்குச் சில விஷயம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும். சர்பத்தில் அது சீனிதான். “நன்னாரியை மேல போடுங்களேன்” என்று கெஞ்சுவார்கள், போட மாட்டேன். பெயர், சேர்மானம், நிகர அளவு, தயாரித்த தேதி, முகவரி, அந்த எண், பச்சைப் புள்ளி எல்லாம் படிக்கிற அளவில் இருக்கட்டும். ஊதா மேல் தங்க எழுத்து மொபைலில் ஜொலிக்கும், பாட்டிலில் காணாமல் போகும். தேதியை ஆயிரம் லேபிளுக்கும் முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். இடம் விடுங்கள், ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

ஃப்ரிட்ஜில் வைக்கிற பாட்டிலுக்குக் குரோமோ என்கிற பளபளப்புத் தாள் ஸ்டிக்கர் வேண்டாம், வியர்த்தால் ஊறிவிடும். பி.பி. என்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் லேமினேஷன் போட்டு வாங்குங்கள். காசு கொஞ்சம் கூடும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தால் சாயம் ஒழுகும். மைதா பசை மதுரைச் சுவர் போஸ்டருக்குச் சரி, பாட்டிலில் பூஞ்சை பிடிக்கும். அளவு எடுக்க பாட்டிலைச் சுற்றி நூல் பிடியுங்கள். கழுத்து வளையத் தொடங்குகிற இடத்துக்குக் கீழேயே லேபிள் முடிய வேண்டும், மேலே போனால் சுருங்கும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். தமிழ் எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் ‘கொ’ மூன்று துண்டாக உட்கார்ந்திருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் ஒரு பரணியோ பாட்டிலோ இருந்தால், சட்டம் பேச இப்போது வரவில்லை. தயவுசெய்து குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நுரை அடங்காததை இறுக மூடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். லேபிள் இல்லையென்றால் மார்க்கர் எடுத்து ‘ஒயின்’ என்று எழுதுங்கள். அதற்கு நான் தேவையில்லை.

பொங்கலுக்கு வெல்லம், தேன் லேபிள் வேண்டுமென்பவர்கள் டிசம்பர் 25-க்குள் கொடுத்துவிடுங்கள். எங்கள் கடையில் லேபிள் வெட்டுகிற அண்ணன் அதற்குப் பிறகு ஊருக்குப் போய்விடுவார்.