எதிர்ப்புச் சக்தி கூடினால் போதுமா? உதவி டி கலங்கள் இடும் கட்டளைகள்

“எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு டொக்டர், கூடுறதுக்கு ஒரு குளிசை எழுதித் தாங்கோ” என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களிலிருந்து கிளினிக்குக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கின்றனர். நிர்ப்பீடனத்தைக் கூடுவது, குறைவது என்ற ஒரே அளவுகோலால் அளக்கும் பழக்கம் கொரோனாக் காலத்தில் வேரூன்றி, இன்று மருந்துக்கடை விளம்பரங்களால் தழைத்திருக்கிறது. ஆனால் இப்பகுதியில் நான் பார்க்கும் நோய்களில் பலவற்றைத் தீர்மானிப்பது எதிர்ப்பின் அளவை விட அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே.

திருப்பும் வேலையைச் செய்பவை உதவி டி கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள். இவை கிருமியை நேரடியாகக் கொல்வதை விட, சைட்டோகைன்கள் என்னும் சிறு புரதங்களைச் சுரந்து ஏனைய கலங்களுக்கு இன்னதைச் செய் என்று கட்டளையிடுவதையே முதன்மையாகச் செய்கின்றன. 1986இல் மொஸ்மன், கொஃப்மன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் எலிகளின் உதவி டி கலங்களை ஆராய்ந்து, அவை சுரக்கும் சைட்டோகைன்களைக் கொண்டு அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம் என்று காட்டினர். முதலாம் வகை இன்டர்பெரோன் காமாவைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் கலங்களை உசுப்பிவிடும். இரண்டாம் வகை இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரந்து, பிறபொருளெதிரிகளையும் ஈயோசினோபில் என்னும் இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களையும் முன்னுக்குக் கொண்டுவரும். மருத்துவ நூல்கள் இவ்விடத்தில் படை, தளபதி என்று போர்க்கள உவமைகளைக் கையாள்கின்றன. வன்னியில் இருந்துகொண்டு அவற்றை எடுத்தாள எனக்கு மனம் வருவதில்லை. இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும், எந்த வாய்க்காலுக்குத் துருசு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எந்த வயல் விளையும் என்பது அமைகிறது. உடலிலோ ஒரு வகையின் சைட்டோகைன் மற்ற வகையை அடக்கவும் செய்வதால், ஒரு பக்கம் திறந்தால் மறு பக்கம் பெரும்பாலும் தானாகவே குறையும்.

இதைத் தொழுநோயைப் போலத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. தொழுநோய்ப் பற்றீரியா மேக்ரோபேஜ் கலங்களுக்குள்ளும் நரம்புகளுக்குள்ளும் குடியிருப்பது. ஒருவருடைய உடல் முதலாம் வகைக்குத் திரும்பினால், தோலில் ஓரிரு வெளிறிய படைகளோடு நோய் மட்டுப்படுகிறது; அந்தப் படையில் பஞ்சு நுனியால் தொட்டால் அவருக்குத் தெரிவதில்லை, மயிர் உதிர்ந்திருக்கும், வியர்வை இராது, கிருமியோ மிக அரிதாகவே காணப்படும். இன்னொருவருடைய உடல் இரண்டாம் வகைக்குத் திரும்பினால், பிறபொருளெதிரிகள் ஏராளமாக உருவாகின்றன. ஆனால் கலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அவை எட்டுவதில்லையாதலால் அது தடையின்றிப் பெருகி, காது மடலும் புருவமும் தடித்து, உடலெங்கும் பரவுகிறது. 1991இல் இவ்விரு வகை நோயாளரின் தோலையும் ஆராய்ந்தபோது, முன்னவரில் இன்டர்பெரோன் காமாவும் பின்னவரில் இன்டர்லூக்கின் 4, 5, 10 ஆகியவையும் மேலோங்கியிருந்தது தெரியவந்தது. கிருமி ஒன்றே. பின்னவரிடம் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அது பயன்படாத பக்கத்தில் பாய்ந்திருக்கிறது.

இலங்கையில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 1995இல் நீங்கியது. எனினும் புதிய நோயாளர் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். கூட்டு மருந்துச் சிகிச்சை அரச மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் எடுக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் நடுவில் வருகிறது. மருந்தால் கிருமி குறைந்துவரும் வேளையில் சிலருக்கு முதலாம் வகை எதிர்ப்பு திடீரென மேலெழுந்து, ஆறிவந்த படைகள் சிவந்து வீங்கும். முழங்கையின் உட்புற நரம்பு கயிறுபோலத் தடித்து, தொட்டாலே நோகும். சின்னவிரலில் பலம் குறையும். “மருந்து ஒத்துவரேல்லை” என்று வீட்டில் முடிவெடுத்துக் குளிசையை நிறுத்திவிடுவார்கள். நடப்பது ஒவ்வாமையன்று, கிருமி ஒளிந்திருந்த நரம்பின் மீதே எதிர்ப்பு பாய்வதுதான். கூட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே, மருத்துவரின் கண்காணிப்பில் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீரொய்ட் மருந்தைக் கொடுத்து அழற்சியை அடக்க வேண்டும். அதற்குத் தாமதித்தால் விரல் மடங்கியது மடங்கியதாகவே நின்றுவிடக்கூடும்.

அதே ஸ்டீரொய்ட் இடம் மாறினால் கெடுதல் செய்யும். மணல் ஈ கடிப்பதால் தொற்றும் லீஷ்மேனியாசிஸ் முகத்திலோ கையிலோ நோவும் அரிப்பும் இல்லாத சிறு கொப்புளமாகத் தொடங்கி, மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக நிற்கும். இந்த ஒட்டுண்ணியும் மேக்ரோபேஜ் கலத்துக்குள்ளேயே வாழ்வதால், இன்டர்பெரோன் காமாவின் தூண்டுதலில் அக்கலம் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கியே அதைக் கொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீரொய்ட் களிம்பு அந்தக் கட்டளையைத்தான் முதலில் அடக்குகிறது. சிவப்பு மங்குவதால் களிம்பு வேலை செய்வதாகத் தோன்றும்; அடியில் ஒட்டுண்ணி பெருகிக்கொண்டிருக்கும். நாலு கிழமையாகியும் ஆறாத புண் எதற்கும், பெயர் தெரியாத களிம்பைப் பூசுமுன் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். பூசிவிட்டீர்களாயின் அந்தக் குழாயையும் கையோடு கொண்டுவாருங்கள்; மறைப்பதால் எங்களுக்கு நோயை இனங்காண்பதுதான் கடினமாகிறது.

இரண்டாம் வகையை வில்லனாக்கிவிடக் கூடாது. குடற்புழுக்களை வெளியேற்ற உடல் நம்பியிருப்பது அதைத்தான். குருதி அறிக்கையில் ஈயோசினோபில் உயர்ந்திருந்தால் நாங்கள் பூச்சியைப் பற்றி விசாரிப்பதும் அதனால்தான். அதே பொறிமுறை தூசுக்கும் மகரந்தத்துக்கும் எதிராகத் திரும்பும்போது தொய்வு வருகிறது. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசியில் நெல்லுத் தூசியோடு முட்டும் இழுப்புமாக வருபவர்களில் பலருக்குச் சுவாசக் குழாயில் இந்தச் சைட்டோகைன்களின் வேலையே நடக்கிறது: இன்டர்லூக்கின் 5 ஈயோசினோபில்களைச் சேர்க்கிறது, இன்டர்லூக்கின் 13 சளியைக் கூட்டுகிறது. நாளாந்தம் இழுக்கத் தரும் பெக்லோமெதசோன் அந்த அழற்சியை அடக்குவது. சல்பியூற்றமோல் குழாயை விரிப்பதோடு சரி. முட்டு வந்தால் மட்டும் சல்பியூற்றமோலை இழுத்துவிட்டு, மற்றதைப் ‘பழகிவிடும்’ என்று ஒதுக்குபவர்களே இரவில் அவசரச் சிகிச்சைக்கு வருகின்றனர்.

இரு வகையோடு கதை முடிந்துவிடவில்லை. உதவி டி கலங்களில் இன்னொரு வகை சுரக்கும், பூஞ்சைகளைத் தடுக்கும் இன்டர்லூக்கின் 17, மிகையானால் சோரியாசிஸ் படைகளை உண்டாக்குகிறது. எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்காக்கும் டி கலங்களும் தனியே உள்ளன. இன்று ஒரு சைட்டோகைனை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் ஊசிகள் வந்துள்ளன. மூட்டுவாதத்துக்குப் பயன்படும், டிஎன்எஃப் என்னும் அழற்சி தூண்டும் சைட்டோகைனைத் தடுக்கும் ஊசி மூட்டு வீக்கத்தை வியக்கத்தக்கவாறு குறைக்கிறது. ஆனால் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலியிட்டு வைத்திருப்பதிலும் டிஎன்எஃப்புக்குப் பங்குண்டு என்பதால், அது தடைப்படும்போது பழைய காசநோய் விழித்துக்கொள்ளலாம். ஆகவே ஊசி தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும், காசநோய்த் தொற்றை அறியத் தோலில் செய்யும் மன்டூ பரிசோதனையும் கேட்கிறோம். வீட்டில் முன்னர் எவருக்காவது சயரோகம் இருந்திருந்தால், முப்பது வருடத்துக்கு முந்தியதாயினும், இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில் ஒன்றாக இருந்தவருக்கு வந்ததாயினும், அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.