வேக்சின்: சொல்லுக்குள் ஒரு பசுமாடு

லத்தீன் மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. ‘வாக்கினுஸ்’ என்றால் பசுவினுடையது, பசுவிலிருந்து வந்தது. வேக்சின் என்ற சொல்லின் வேர் அவ்வளவுதான். நோய், தடுப்பு, ஊசி என்று எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. கொரோனாவுக்கு நாம் போட்டுக்கொண்ட மருந்துக்கும் மாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் அதை மாட்டின் பெயரால்தான் அழைத்தார்கள். காரணம் பெரியம்மையில் இருக்கிறது.

பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் இறந்துபோவார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குப் பார்வையும் போகும். ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது. இது தெரிந்ததால் பல நாடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. நோய் கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நல்ல உடம்புக்காரரின் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். பெரும்பாலும் லேசான அம்மை வந்து போய்விடும். நூறில் ஒன்றிரண்டு பேர் இறப்பதும் உண்டு. வங்காளத்தில் இதையே தொழிலாகச் செய்தவர்களுக்கு ‘டீக்காதார்’ என்று பெயர். துருக்கியில் இதைப் பார்த்த மேரி வொர்ட்லி மான்டகு என்ற ஆங்கிலப் பிரபு குடும்பத்துப் பெண், 1721-இல் லண்டனில் தன் மகளுக்கே இதைச் செய்வித்தார்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ‘இனாக்குலேஷன்’ என்று பெயர். அது தோட்டக்காரர்களின் சொல். லத்தீனில் ‘ஓக்குலுஸ்’ என்றால் கண். செடியின் மொட்டையும் அவர்கள் கண் என்றே சொன்னார்கள். ஒரு செடியின் மொட்டைச் சீவி எடுத்து இன்னொரு செடியின் பட்டையைக் கீறி உள்ளே வைத்துக் கட்டுகிறோம் அல்லவா, அந்த மொட்டு ஒட்டுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். தோலைக் கீறிச் சீழ் வைப்பதும் அதேபோல இருந்ததால் பெயர் மனிதர்களுக்கும் வந்தது. இன்று பலரும் இனாக்குலேஷனையும் வேக்சினேஷனையும் ஒரே பொருளில் சொல்கிறார்கள். பிறந்த கதைப்படி ஒன்று செடியிலிருந்து வந்தது, மற்றது மாட்டிலிருந்து வந்தது.

மாடு எப்படி வந்தது? மாடுகளுக்கு மடியில் கொப்புளம் வரும் ஒரு நோய் உண்டு, மாட்டம்மை. பால் கறப்பவர்களின் கைகளிலும் அது தொற்றும், சில நாளில் ஆறிவிடும். அப்படி ஒருமுறை வந்தவர்களைப் பெரியம்மை அண்டுவதில்லை என்று இங்கிலாந்தின் கிராமத்து மக்கள் கண்டுவைத்திருந்தார்கள். 1774-இல் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி, ஊரில் பெரியம்மை பரவியபோது மாட்டம்மைச் சீழைத் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் வைத்தார். அவர் மருத்துவர் இல்லை, எங்கும் எழுதி வெளியிடவும் இல்லை. அதனால் சொல்லின் வரலாற்றில் அவருக்கு இடமில்லாமல் போனது. எனக்கு அது மனக்குறைதான்.

எழுதி வெளியிட்டவர் எட்வர்ட் ஜென்னர், குளோஸ்டர்ஷர் வட்டாரத்தில் பெர்க்லி என்ற சிற்றூரின் மருத்துவர். 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து சீழெடுத்து, தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி வைத்தார். ஜூலையில் அதே பையனுக்குப் பெரியம்மைச் சீழையும் வைத்துப் பார்த்தார். நோய் வரவில்லை. இன்றைய ஆராய்ச்சி விதிகளின்படி ஒரு குழந்தையிடம் இப்படிச் செய்ய யாரும் அனுமதி தரமாட்டார்கள். 1798-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பில்தான் மாட்டம்மைக்கு ‘வாரியோலே வாக்சினே’, அதாவது பசுவின் அம்மை, என்ற பெயரைப் போட்டார். சாராவுக்கு நோயைத் தொற்றவைத்த பசுவின் பெயர் பிளாசம். அதன் தோலை லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் இன்னும் பாதுகாத்து வருகிறார்கள். வேக்சினேஷன் என்ற சொல்லை 1800-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜென்னரின் நண்பரும் அறுவை மருத்துவருமான ரிச்சர்ட் டன்னிங்.

அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு வேக்சின் என்றால் பெரியம்மைக்கானது மட்டும்தான். அதற்குப் பொதுப்பொருள் கொடுத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். கோழிக் காலராவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் தடுப்பு கண்டுபிடித்த அவர், 1881-இல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில், ஜென்னருக்கு மரியாதையாக இவ்வகை மருந்துகள் எல்லாவற்றையும் வேக்சின் என்றே அழைக்கலாம் என்றார். மாடே இல்லாத மருந்துக்கும் மாட்டின் பெயர் வந்தது அப்போதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரியம்மையை ஒழித்த மருந்தில் இருந்த கிருமி மாட்டம்மைக் கிருமி அல்ல, வேறு ஒன்று என்று 1939-இல் தெரியவந்தது. அதற்கு வேக்சினியா என்று பெயர். 1902-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய மருந்தை அண்மையில் மரபணு முறையில் சோதித்தபோது, அதிலிருந்த கிருமி குதிரையம்மைக் கிருமியோடுதான் நெருங்கிப் போனது. மாட்டுக்கு இந்த நோய் குதிரையிலிருந்துதான் வருகிறது என்று ஜென்னரே கருதியிருந்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் வேக்சின் போடப்பட்டது. ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைக்குக் கை மாற்றித்தான் பாக்தாத், பஸ்ரா வழியாக அது வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் கன்றுக்குட்டியின் தோலில் கொப்புளம் வளர்த்து, அதில் ஊறும் நீரை, அதாவது நிணநீரை, எடுத்தார்கள். சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட் முதலில் இந்த வேலைக்காகத்தான் உருவானது.

அந்த நிணநீருக்குத் தமிழில் ‘அம்மைப்பால்’ என்று பெயர். போடுவதை ‘அம்மை குத்துதல்’ என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அம்மைப்பால். எருக்கம்பால், கள்ளிப்பால் என்று கீறினால் வடியும் நீரைப் பால் என்று சொல்லும் வழக்கத்திலேயே அது அமைந்திருக்கிறது. பொருளைச் சரியாகக் காட்டியது, கிராமத்தில் யாருக்கும் புரிந்தது. ஆனால் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபின் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. போலியோவுக்கோ தட்டம்மைக்கோ அதைச் சொல்ல முடியாது.

இன்று நிலைத்திருக்கும் சொல் தடுப்பூசி. இந்தியில் டீக்கா, அதாவது உடம்பில் இடும் பொட்டு. ஆங்கிலத்தில் பசு. தமிழில் ஊசி. நல்ல சொல்தான், செய்யும் வேலையையும் செய்யும் விதத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், ஆறாவது வாரத்தில் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போகும்போது தெரியும். தொடையில் ஊசி போடுவார்கள். அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் போலியோவுக்கு இரண்டு சொட்டு விடுவார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கும் வாய்வழிதான். அட்டையில் எல்லாம் ‘தடுப்பூசி’ என்ற தலைப்பின் கீழே இருக்கும். வாயில் விட்டதை ஊசி என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். சொட்டு மருந்து என்று மக்களே பிரித்துச் சொல்கிறார்கள்.

அதனால் குத்துவதற்குத் தடுப்பூசி, வாயில் விடுவதற்குச் சொட்டு மருந்து, இரண்டுக்கும் பொதுவாக அந்தப் பொருளைக் குறிக்கத் தடுப்பு மருந்து என்று எழுதலாம் என்பது என் கருத்து. ‘தடுப்பூசி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது’ என்று எழுதும்போது ஊசியையே உருவாக்கியது போலத் தொனிக்கிறது, அங்கே தடுப்பு மருந்துதான் பொருந்தும். மலேரியா வராமலிருக்க விழுங்கும் மாத்திரையும் தடுப்பு மருந்துதானே என்று கேட்டால், ஆமாம், அந்தக் குழப்பம் உண்டு. அந்த இடத்தில் மாத்திரை என்று சேர்த்து எழுதினால் போதும்.

வினைச்சொல்லில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் பேச்சில் ‘ஊசி போட்டாச்சா’, செய்தியில் ‘செலுத்தப்பட்டது’. இலங்கையில் ‘தடுப்பூசி ஏற்றுதல்’ என்றே அரசு அறிவிப்புகளிலும் வரும். செலுத்துதலைவிட ஏற்றுதல் எனக்கு இயல்பாகப் படுகிறது, உடம்பில் மருந்து ஏறுவதை அது சொல்கிறது. டோஸ் என்பதற்கு நாளிதழ்கள் தவணை என்று எழுதின. முதல் தவணை, இரண்டாம் தவணை என்னும்போது அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரு தடவைக்கு அரை மில்லி மருந்து என்ற கணக்கைச் சொல்லும் இடத்தில் தவணை சரிப்படாது, அங்கே அளவு என்றுதான் எழுத வேண்டும்.