கம்பெனி பதிவுக்கு முன் யாரிடம் போய் உட்கார வேண்டும்?

மதுரையில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், பிரைவேட் லிமிடெட் போடலாமா, எல்எல்பி போதுமா?" (எல்எல்பி என்றால் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை.) நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிற யாரிடமாவது பேசினீர்களா?"

வீட்டில் பேசியிருப்பார்கள், கூடப் படித்தவர்களிடம் பேசியிருப்பார்கள், ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்திருப்பார்கள். ஆனால் அதே சரக்கைப் பத்து வருடமாகச் செய்கிறவரிடமோ, அதை வாங்கப்போகிற கடைக்காரரிடமோ போய் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கூச்சம் ஒரு காரணம். "ஐடியாவைத் திருடிவிடுவார்கள்" என்ற பயம் இன்னொன்று. இந்த இரண்டாலும் நம் பிள்ளைகள் இழக்கிற பணத்தை வருடா வருடம் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதிவு செய்வது சில நாட்களில் முடிந்துவிடுகிற வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் செய்யாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். பதிவான 180 நாட்களுக்குள் தொழில் தொடங்கியதற்கான ஐஎன்சி-20ஏ படிவம் போக வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். ஆண்டுக் கணக்குக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு ஒரு படிவம். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், அதற்கு உச்சவரம்பு கிடையாது. கல்லூரி முடித்த கையோடு இரண்டு நண்பர்கள் ஆளுக்குப் பாதி என்று கம்பெனி போடுவார்கள். ஆறு மாதத்தில் ஒருவருக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்துவிடும். மற்றவர் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். கம்பெனி செத்துப்போனது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்க, கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நோட்டீஸ் வரும்போதுதான் என்னைத் தேடி வருவார்கள்.

அதற்காகக் கம்பெனியே போடக் கூடாது என்று சொல்லவில்லை. முதலீட்டாளர் வரப்போகிறார் என்றாலோ, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும் என்றாலோ தனிநபர் நிறுவனம் செல்லாது. கம்பெனியோ எல்எல்பியோ பதிவு செய்த கூட்டாண்மையோ வேண்டும். அந்தத் தேவை வரும்போது அதைச் செய்துகொள்ளலாம்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். முருங்கைக்கீரைச் சூப்புப் பொடி செய்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தார். நல்ல வரவேற்பு. கணவரும் சம்மதித்து, நகையை வைத்து ஆறு லட்சத்துக்கு ஒரு டிரையர், அதாவது இலை உலர்த்தும் மெஷின், வாங்குவதென்று முடிவெடுத்து, கொட்டேஷனோடு என்னிடம் வந்தார். கூடவே கம்பெனி பதிவும் கேட்டார். "மெஷினை ஓட்டிப் பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். படத்தில்தான் பார்த்திருந்தார். அவருடைய உண்மையான சிக்கல் என்னவென்றால், பொடி இரண்டு மாதத்தில் நிறம் மங்கிக் கட்டிதட்டிப்போனது. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். டிரையர் வந்தால் சரியாகிவிடும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லியிருந்தார்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கருவியும் ஆலோசனையும் தந்து உதவுகிற, அரசு ஆதரவோடு நடக்கிற ஓர் இன்குபேஷன் மையத்துக்குப் போகச் சொன்னேன். இரண்டு கிலோ இலையும் தன் பழைய பாக்கெட்டுகளில் நான்கும் எடுத்துப் போனார். அங்கே அவரைப் போலவே உணவுப் பொருள் செய்கிற ஒருவர் பாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே இது சாதாரண பிளாஸ்டிக் கவர், ஈரம் உள்ளே போகிறது என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் மையத்தில் இருந்த டிரையரில் ஒரு ஈடு போட்டுப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்த இலை வெளுத்துவிடுகிறது, மிதமான சூட்டில் காய்ந்தது பச்சை மாறாமல் இருக்கிறது என்று அவரே கண்ணால் பார்த்தார். காய்ந்த பொடியில் ஈரப்பதம் எவ்வளவு என்று அளந்தும் காட்டினார்கள். கடைசியில் அலுமினியப் படலம் உள்ள பாக்கெட்டுக்கு மாறினார், நிழலில் காயவைக்க வீட்டு மாடியில் வலைத் தட்டுகள் அடித்துக்கொண்டார், நகை வீட்டிலேயே இருக்கிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் மட்டும் செய்துகொடுத்தேன். உள்மாநிலத்தில் சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன மனிதருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் பாக்கெட் திரும்பி வந்து அவதிப்பட்டவர்தான். உள்ளூர்த் தொழில்முனைவோர் கூட்டத்தில் கிடைக்கிற பெரிய உதவி இதுதான். முதலீடு அப்புறம் வரும், வராமலும் போகும். ஆனால் நீங்கள் செய்யப்போகிற தவறை ஏற்கெனவே செய்து முடித்த ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார்.

அவரை எங்கே தேடுவது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைப் போல ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. முதலில் அங்கே ஒரு காலை நேரத்தைச் செலவிடுங்கள். அடுத்தது தொழில் சங்கங்கள். மதுரையில் மடீட்சியா, கோவையில் 1969-இல் தொடங்கிய கொடிசியா. இவை சிறுதொழில் செய்கிறவர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டியவை. இளைஞர்கள் இவற்றைப் பெரியவர்களின் சங்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது தவறு. லேத் வேலைக்கு நல்ல ஆள் யார், எந்த சப்ளையர் கடனுக்குச் சரக்கு தருவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு மதுரை, திருநெல்வேலி, ஈரோடு உள்ளிட்ட ஊர்களில் வட்டார மையங்கள் இருக்கின்றன. வேளாண் பொருள் என்றால் மதுரை வேளாண் கல்லூரியில் நபார்டு உதவியோடு நடக்கிற மாபிஃப் என்ற இன்குபேஷன் மையம். உணவுப் பதப்படுத்துதல் என்றால் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓடிய காலம் போய்விட்டது.

போகும்போது "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று போகாதீர்கள். அப்படிக் கேட்டால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். "இந்தப் பாகத்தை 500 எண்ணம் வார்ப்பில் செய்தால் ஒன்று என்ன விலை ஆகும், யார் செய்வார்?" என்று கேளுங்கள். கையில் சாம்பிள் கொண்டு போங்கள், அடக்க விலை எழுதிய ஒரு தாள் கொண்டு போங்கள். அதில் உங்கள் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் அதைச் சேர்ப்பதே இல்லை. ஒருவர் உதவினால், அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ச் சொல்லுங்கள். அடுத்த உதவி தானாக வரும்.

ஐடியா திருட்டு பயத்தைப் பற்றி. உங்கள் பக்குவத்தையும் கலவை அளவையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சிக்கலைச் சொன்னால் போதும். ஆனால் புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கூட்டத்தில், போட்டி மேடையில், கண்காட்சியில் அதன் இயக்கத்தை விளக்கிவிட்டால், பிறகு காப்புரிமை கேட்கும்போது "இது ஏற்கெனவே வெளியானது" என்று மறுக்க இடம் உண்டு. மேடை ஏறுவதற்கு முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரத்தோடு விண்ணப்பிக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் கிடைக்கும். பெயரையோ சின்னத்தையோ பதிவு செய்வதற்கு, பொருள் வகை ஒன்றுக்கு 4,500 ரூபாய். பெயர் பிரபலமான பிறகு சண்டை போடுவதைவிட இது மலிவு.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட்அப் கூட்டங்கள் பெருகியதும், அவற்றைச் சுற்றி "மென்டர்" (வழிகாட்டி) என்று சொல்லிக்கொள்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். உண்மையானவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் இரண்டு முறை காபி குடித்துவிட்டு, "முதலீட்டாளரை அறிமுகப்படுத்துகிறேன், 10 சதவீதப் பங்கு எழுதிக் கொடு தம்பி" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து காட்டுவார்கள் பிள்ளைகள். ஓர் ஒப்பீடு சொல்கிறேன். தமிழக அரசின் டான்சீட் திட்டத்தில் தேர்வாகும் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறப் பயன் போன்றவற்றுக்கு 15 லட்சம். அதற்கு அரசு எடுத்துக்கொள்கிற பங்கு 3 சதவீதம். பணமும் தராமல், உழைப்பும் தராமல் 10 சதவீதம் கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது என்று இதை வைத்து முடிவு செய்யுங்கள். அப்படியும் பங்கு கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், ஒரே நாளில் கொடுக்காதீர்கள். வேலை செய்யச் செய்ய, ஆண்டுக்கு இவ்வளவு என்று நான்கு ஆண்டில் சேருகிற மாதிரி எழுதுங்கள். முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் இல்லை என்றும் எழுதுங்கள். கூட்டாளி நண்பனுக்கும் இதே விதிதான். பெங்களூரு போன நண்பரின் கையில் இன்றும் பாதிக் கம்பெனி இருக்கிறதே, அதற்குக் காரணம் இந்த ஒரு பக்கத் தாள் இல்லாததுதான்.

மானியப் புரோக்கர்கள் இன்னொரு கூட்டம். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். பட்டியலினத்தார், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை. இவை உண்மையான, நல்ல திட்டங்கள். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகிறது, அதற்குக் கமிஷன் யாருக்கும் தர வேண்டியதில்லை. உத்யம் பதிவும், மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும்கூட இலவசம்தான். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கிற தளங்கள் இருக்கின்றன. முகவரி gov.in என்று முடிகிறதா என்பதைப் பார்த்துவிட்டு ஆதார் எண்ணைக் கொடுங்கள். இன்னொன்று, மானியம் கைக்கு வருகிற பணம் அல்ல. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் மானியத் தொகை மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழிகிறது. மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்கியவர்கள் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

சரக்கு விற்ற பிறகு பணம் வசூலிப்பதுதான் அடுத்த கண்டம். இதிலும் உள்ளூர்ப் பேச்சு கைகொடுக்கும். எந்தக் கம்பெனி சொன்ன தேதியில் செக் தரும், எது நான்கு மாதம் இழுக்கும் என்பது சங்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிடச் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்க மன்றங்கள் உள்ளன. இந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் முதல் பில் போடுவதற்கு முன்பே உத்யம் பதிவு கையில் இருக்கட்டும். பணம் நின்றுபோன பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் வழக்கில் அதுவே சிக்கலாகும்.

கடைசியாகச் சங்கங்களுக்கும் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்முடைய சந்திப்புகள் பெரும்பாலும் மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகின்றன. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வருகிற ஒரு பெண், கடைசி பஸ்ஸையும் வீட்டில் இருக்கிற பிள்ளையையும் நினைத்துக்கொண்டு எப்படி உட்காருவார்? முருங்கைப் பொடிக்காரர் இன்றுவரை ஒரு மாலைக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. மாதத்தில் ஒன்றையாவது காலை 11 மணிக்கு வையுங்கள். குழந்தையையும் கூட்டி வரலாம் என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.