கடுகு மேலே ஏறாது

இந்த மாதத்தில் மூன்றாவது மாணவர். கண்ணாடிச் சுவர் வைத்த ஹாப்பரிலிருந்து (அடியில் வாய் உள்ள புனல் மாதிரித் தொட்டி) கடுகு கொட்டுவதை ஹை-ஸ்பீடு கேமராவில் எடுத்திருக்கிறார். படத்துக்குப் படம் கடுகு நகர்ந்ததை வைத்து சாஃப்ட்வேர் வரையும் திசைவேக அம்புகள், வாய்க்குப் பக்கத்தில் மேல்நோக்கி நிற்கின்றன. "சாஃப்ட்வேர்ல பக் இருக்கு மேடம்" என்றார். சாஃப்ட்வேரில் ஒரு கோளாறும் இல்லை. படம் எடுத்த விதம்தான் தவறு.

கணக்கைப் பாருங்கள். கடுகின் விட்டம் 2 மி.மீ. வாயருகே வேகம் நொடிக்கு 1 மீட்டர். நொடிக்கு 600 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கடுகு 1.67 மி.மீ. இறங்கிவிடும். அதை ஒட்டிப் பின்னால் வந்த கடுகு, முதல் கடுகு இருந்த இடத்துக்கு 0.33 மி.மீ. மேலே வந்து நிற்கும். எல்லாக் கடுகும் ஒரே மாதிரி. அருகில் இருப்பதைத்தான் நிரல் "அதே கடுகு" என்று பிடிக்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதும் இதனால்தான். ஒரு படத்துக்கு நகர்வு அரை விட்டத்தைத் தாண்டவே கூடாது. கால் விட்டம் என்றால் நிம்மதி. இங்கே நொடிக்கு 2000 படம் வேண்டும்.

உடனே, "அப்போ 20,000 வச்சிடறேன்" என்கிறார்கள். எனக்குத் தாங்காத இடம் இதுதான். படம் எடுக்கும் வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்று யார் சொன்னது? ஒரு பிக்சல் 0.1 மி.மீ., இடத்தைக் கணிப்பதில் பிழை அதில் பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 0.01 மி.மீ.யை 20,000 ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 200 மி.மீ. பிழை! சுவரோரக் கடுகு நகர்வதே நொடிக்கு 5 மி.மீ.தான். இந்த அளவீட்டுப் பிழையைத் துகள்களின் உண்மையான அதிர்வு என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். மெதுவான பகுதிக்கு 2000 படப் பதிவிலேயே நூறு படம் தள்ளி ஒப்பிடுங்கள், போதும்.

எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம், 1/10,000 நொடிக்கு மேல் போகவேண்டாம். மின் இணைப்பில் நேரடியாக எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். மினுக்காத டிசி (நேர்மின்னோட்ட) எல்இடி வாங்குங்கள். அளவுகோலைக் கண்ணாடியின் உள்முகத்தில், கடுகு ஓடும் இடத்தில் வைத்துப் படம் எடுங்கள், வெளியே ஒட்டாதீர்கள்.

இன்னொன்று, கேட்டுக்கொள்கிறேன். கேமரா பார்ப்பது கண்ணாடியை உரசி வரும் ஒரே அடுக்கை. உராய்வால் அது உள்ளே ஓடுவதைவிட மெதுவாகவே வரும். வாய்க்கு அடியில் ஒரு தராசு வையுங்கள். நொடிக்கு எத்தனை கிராம் விழுகிறது என்பதையும் வீடியோ தரும் கணக்கையும் பக்கத்துப் பக்கமாக எழுதிக்கொண்டு வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.