பால் கேட்டு அழாத குழந்தையும் நனையாத டயப்பரும்

"குழந்தை ரொம்ப சமர்த்து சிஸ்டர், பாலுக்குக்கூட அழுவதில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது." பிறந்து மூன்று நான்கு நாளான குழந்தையைப் பற்றி இப்படி யாராவது சொன்னால், பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு அது நல்ல செய்தியாகப் படாது. பால் போதாமல் உடம்பில் நீர் குறைகிறதோ என்று உடனே எடை பார்ப்போம்.

முதல் சில நாள்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்புதான். 3 கிலோவுடன் பிறந்த குழந்தை 2.8 கிலோ ஆனால் பதற வேண்டாம். ஆனால் 2.7 கிலோவுக்கு வந்துவிட்டால், அதாவது 10 சதவீதம் குறைந்தால், பால் உள்ளே போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். துணியில்லாமல், முடிந்தவரை ஒரே மெஷினில் எடை பாருங்கள். மெஷின் மாறினாலே கணக்கு மாறும்.

அடுத்த கேள்வி, எத்தனை தடவை சிறுநீர் போனது என்பது. முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், ஐந்தாறு நாளில் தினமும் ஆறு தடவையாவது போக வேண்டும். இப்போதைய டயப்பர்கள் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடுவதால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துப் பாருங்கள். வார்டில் நாங்கள் டயப்பரையே எடை போடுவோம். கூடும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். டயப்பரில் செங்கல் நிறத்தில் கறை தெரிந்தால் ரத்தம் என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீரில் வரும் யூரேட் என்ற உப்பு. முதல் இரண்டு மூன்று நாள் இருந்தால் பரவாயில்லை, அதற்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மலமும் ஐந்தாம் நாள் வாக்கில் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும்.

நீர் குறைந்ததற்கு, தலை உச்சியில் மெத்தென்றிருக்கும் உச்சிக்குழி உள்வாங்குவதுதான் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறி. அழாத நேரத்தில், குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும். என்னைக் கேட்டால், அதற்காகக் காத்திருக்கவே கூடாது. பால் போதாமல் உடம்பில் நீர் குறையும்போது ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து ஏறும். அது செல்களுக்குள் இருக்கும் நீரை ரத்தக் குழாய்க்கு இழுத்துக்கொள்ளும். அதனால் தோலும் நாடித்துடிப்பும் ஓரளவு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும், உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும். கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதிலும் பயனில்லை; முதல் சில வாரங்களில் பல குழந்தைகள் கண்ணீரில்லாமல்தான் அழும்.

நாங்கள் வேறு சிலவும் பார்ப்போம். விரலை வாய்க்குள் விட்டால் ஈரமாக இருக்கிறதா, வறண்டு ஒட்டுகிறதா? நெஞ்செலும்பின் மேல் ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்புகிறதா? மஞ்சள் காமாலை கூடுகிறதா? உள்ளங்காலைத் தேய்த்தும் குழந்தை விழிக்காவிட்டால், பால் குடிக்க மறுத்தால், கீச்சென்று வேறு மாதிரி அழுதால், முதல் சில நாள்கள் தாண்டியும் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். வயிறு நிறைந்து பால் குடிப்பது இன்னும் குறையும். பவுடர் பால் கொடுப்பவர்கள் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைத்தால், அதுவே சோடியத்தை ஏற்றிவிடலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, "டிரிப்ஸை ஏன் இவ்வளவு மெதுவாக விடுகிறீர்கள்?" என்று கோபப்படுவார்கள். ஏறிய சோடியத்தை வேகமாக இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம். அதனால் இரண்டு நாள்கூட ஆகும். அதற்குள் தாயின் பக்கம் உட்கார்ந்து, குழந்தை மார்பை எப்படிப் பற்றுகிறது, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு முழு வேளை பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும், தூங்கினால் எழுப்பியாவது கொடுக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுவோம்.