ஒத்த விரலா, உள்ளங்கையா? ஓடுறவங்க கால் பத்தி ஒரு பிசியோ எழுதறது

கால் வலின்னு ஓடுறவங்க யாராவது வந்து உக்காந்தா நான் முதல்ல ரிப்போர்ட்டைக் கேக்கமாட்டேன், "எங்க வலிக்குது, கையை வச்சு காட்டுங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். சில பேர் உள்ளங்கையால முழங்காலுக்குக் கீழ மொத்தமா தடவிக்காட்டி "இந்த ஏரியா ஃபுல்லா மேடம்"னுவாங்க, அப்பவே எனக்குப் பாதி பயம் போயிடும். சில பேர் ஆள்காட்டி விரலை நீட்டி கீழ்க்கால் எலும்பு மேல ஒரே இடத்துல வைப்பாங்க, ஒரு காசு அகலம்தான் இருக்கும் அந்த இடம். கொஞ்ச நேரம் வேற ஏதாவது பேசிட்டு மறுபடி காட்டச் சொன்னாலும் விரல் அதே இடத்துக்குப் போச்சுன்னா, ஓட்டம் அன்னையோட ஸ்டாப், வேற பேச்சே இல்ல.

போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் வந்தாரு. நாப்பதைத் தாண்டின ஆளு, நாள் முழுக்க உக்காந்து பாக்குற வேலை, ஓட ஆரம்பிச்சு ரெண்டு மாசம். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அதனால விடாம ஓடிட்டுதான் இருக்கேன், முன்னாடி ஓடி முடிச்சப்புறம் வலிச்சது, இப்ப ஓடும்போதே வலிக்குது, நேத்து ராத்திரி படுத்திருக்கும்போது கூட குத்துச்சு"ன்னாரு. இந்த வரிசை இருக்கே, முடிச்சப்புறம், அப்புறம் ஓடும்போது, அப்புறம் சும்மா படுத்திருக்கும்போது, இதை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. கட்டை விரலால எலும்போட உள் ஓரமா மேலேர்ந்து அழுத்திட்டே வந்தேன், ஒரு இடம் வந்ததும் மனுஷன் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. டாக்டர்கிட்ட அனுப்பி எம்ஆர்ஐ எடுத்தா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழற பாரத்தால எலும்புல வர்ற மெல்லிசான விரிசல். எக்ஸ்ரே எடுத்தவங்க மேலயும் தப்பு கிடையாது, முதல் ரெண்டு மூணு வாரத்துல இந்த மாதிரி விரிசல் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது.

அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நான் எங்கயும் விழவே இல்லையே மேடம், எப்போ உடைஞ்சுது?"

இதுக்குப் பதில் புரிஞ்சுதுன்னா ஓடுறவங்களுக்கு வர்ற இன்ஜுரில பெரும்பகுதி புரிஞ்ச மாதிரி. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம உடம்பு எடையில ரெண்டுலேர்ந்து மூணு மடங்கு பாரம் காலு வழியா இறங்குது, ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி. இந்தப் பாரத்துக்கு ஏத்த மாதிரி எலும்பு தன்னை மாத்திக்கும், ஆனா மாத்திக்கிற விதம் கொஞ்சம் விவகாரமானது, முதல்ல பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கும், அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்கப்புறம்தான் அந்த இடத்துல புதுசு கட்டும், அது முழுசா இறுக மூணு மாசம் போல ஆகும். அதாவது பலமாகறதுக்கு முன்னாடி எலும்பு கொஞ்ச நாள் முன்னைவிட வீக்கா இருக்கும். ஆனா மூச்சும் இதயமும் ரெண்டு மூணு வாரத்துலயே பழகிடும். அஞ்சாவது வாரம் "அட, மூச்சே வாங்கலையே"ன்னு சந்தோஷமா தூரத்தை ஏத்துறோம் பாருங்க, சரியா அந்த நேரம் பார்த்து உள்ள எலும்பு பாதி இடிச்சுப் போட்ட வீடு மாதிரி கிடக்குது. அவரும் அதேதான் பண்ணியிருந்தாரு. வழக்கமா 5 கிலோமீட்டர், ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்கன்னு கூடவே போய் 12 ஓடிட்டாரு. அன்னிக்கு ஒரு வலியும் இல்ல! வலி வந்தது பத்து நாள் கழிச்சு, அதனால அந்த 12 கிலோமீட்டர் அவருக்கு ஞாபகத்துலயே இல்ல, நான் நோண்டிக் கேட்டப்புறம்தான் வாட்ச்ல தேடிப் பாத்தாரு.

அதனால நான் எல்லார்கிட்டயும் கேக்கற ரெண்டாவது கேள்வி "கடைசி ஒரு மாசத்துல என்ன மாத்துனீங்க?" எல்லாருமே முதல்ல ஒண்ணும் மாத்தலன்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் பேச விட்டா தானா வரும். புது ஷூ வாங்கினேன், அடி மெலிசா இருக்கும். வழக்கமான ரோட்டுல வேலை நடக்குது, அதனால மேட்டுப் பக்கம் போறேன். வெயிட் குறைக்க ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன். குழந்தைக்கு உடம்பு சரியில்ல, ஒரு வாரமா தூக்கமே இல்ல. இதுல எதுவுமே தனியா பெரிய குத்தம் இல்ல, ரெண்டு மூணு ஒரே மாசத்துல சேர்ந்துச்சுன்னாதான் என்கிட்ட வர்றாங்க. பெண்கள்னா நான் மாதவிடாய் ஒழுங்கா வருதான்னும் கேப்பேன், சில பேருக்குச் சங்கடமாத்தான் இருக்கும், இருந்தாலும் கேப்பேன். ஓடுற அளவுக்குச் சாப்பிடலன்னா உடம்பு முதல்ல அதைத்தான் நிறுத்தும், அடுத்து எலும்புல கைவைக்கும். ஓட ஆரம்பிச்சதும் பீரியட்ஸ் நின்னுபோச்சு, நல்லா ஃபிட் ஆயிட்டேன் போலன்னு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வரல.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல தூரத்தை ஏத்தாதீங்கன்னு ஒரு ரூல் கேள்விப்பட்டிருப்பீங்க. நானும் ரொம்ப நாளா அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா 2025ல 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரங்களை வச்சு வந்த ஒரு ஆய்வுல, வாரக் கணக்கைவிட ஒரே ஓட்டத்துல எவ்வளவு தாவினாங்கங்கறதுதான் முக்கியம்னு தெரிஞ்சுது, கடைசி 30 நாள்ல நீங்க ஓடின அதிகபட்ச தூரம் எதுவோ அதைவிட 10 சதவீதத்துக்கு மேல ஒரே நாள்ல போனா இன்ஜுரி வாய்ப்பு ஏறுது. நம்ம ஆளு 5லேர்ந்து 12க்குத் தாவினாரு, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. நான் இப்ப சொல்றது இதுதான், யார் கூட ஓடினாலும் போன மாசத்து பெரிய ஓட்டம் எவ்வளவுன்னு ஞாபகம் வச்சுக்கங்க, 8 கிலோமீட்டர்னா இன்னிக்கு 8.8 தாண்ட வேணாம், கூட வர்றவங்க போகட்டும்.

ஓடுற ஸ்டைல் பத்தி நான் அதிகமா பேசமாட்டேன், குதிகால்ல இறங்கறதா முன்பாதத்துல இறங்கறதாங்கற சண்டையில எனக்கு ஆர்வமே கிடையாது. ஒண்ணு மட்டும் பாப்பேன், கால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழுதா? விழுதுன்னா அடியைக் கொஞ்சம் சின்னதாக்கி வேகமா வைக்கச் சொல்லுவேன். இப்ப நிமிஷத்துக்கு 160 அடின்னா 168, 170, அதுபோதும், 5லேர்ந்து 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால்ல விழற பாரம் குறையும். எல்லாரும் 180 வைக்கணும்னு சுத்திட்டு இருக்கற பேச்சு 1984 ஒலிம்பிக்ல ஓடின வீரர்களோட அடியை ஒரு பயிற்சியாளர் எண்ணிப் பாத்ததுலேர்ந்து வந்தது, அவங்க வேகம் வேற நம்ம வேகம் வேற. ஓடறதுக்கு முன்னாடி காலை இழுத்துப் பிடிச்சு நிமிஷக்கணக்கா ஸ்ட்ரெட்ச் பண்றதுல இன்ஜுரி குறையும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அஞ்சு நிமிஷம் வேகமா நடங்க, மெதுவா ஆரம்பிங்க. ஷூ கால்ல போட்ட உடனே சுகமா இருக்கணும், போகப்போக பழகிடும்னு யார் சொன்னாலும் வாங்காதீங்க, 500லேர்ந்து 800 கிலோமீட்டர் ஓடினதும் மாத்துங்க.

இனி ரோடு. விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு வர்றவங்ககிட்ட எப்படி விழுந்தீங்கன்னு கேட்டா பாதி பேர் கொஞ்சம் வெக்கத்தோட "வாட்ச்சைப் பாத்தேன்"னுவாங்க. விடியக்காலையில அரை இருட்டு, நடைபாதைல ஒரு கல் அரை இஞ்ச் தூக்கிட்டு இருக்கும், நாம வேகம் எவ்வளவுன்னு குனிஞ்சு பாப்போம், அவ்வளவுதான். வாட்ச்சைப் பாக்கணும்னா நடங்க, பாத்துட்டு ஓடுங்க.

நடைபாதை இல்லன்னா வண்டி எதிர்ல வர்ற பக்கமா ஓடுங்க, முதுகுக்குப் பின்னாடி வர்றதை நீங்க பாக்க முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வருது, ஓட்டுறவரு உங்களைப் பாத்து கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒன்றரை செகண்ட், அதுக்குள்ள 25 மீட்டர் போயாச்சு, வண்டி நிக்கறது அதுக்கும் அப்புறம். அதனால அவரு என்னைப் பாத்திருப்பாருன்னு நினைக்கவே நினைக்காதீங்க, பாக்கலன்னே வச்சுக்கங்க. ராத்திரி ஓடுறவங்க ஒளிரும் பட்டையை நெஞ்சுல மட்டும் கட்டிக்கறாங்க, அதோட கணுக்கால்லயும் முழங்கால்லயும் கட்டுங்க. நெஞ்சுல மட்டும் இருந்தா தூரத்துலேர்ந்து பாக்கறவருக்கு அது ஏதோ போர்டு மாதிரி தெரியும், மேலயும் கீழயும் ஆடுற ரெண்டு கணுக்கால் வெளிச்சத்தைப் பாத்தா அது மனுஷன்னு மூளை உடனே கண்டுபிடிச்சிடும். காதுல பாட்டு வேணும்னா ஒரு காது போதும்.

எப்பவும் ரோட்டோட ஒரே பக்கமா ஓடறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ரோடு தண்ணி வடியறதுக்காக நடுவுல மேடா ஓரத்துல சரிவா இருக்கும். தினமும் ஒரே பக்கமா போய் ஒரே பக்கமா திரும்பினா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல, இன்னொண்ணு மேட்டுல. ஒரு அம்மா வந்தாங்க, எப்பவும் இடது முழங்கால் வெளிப்பக்கம் மட்டும் வலி, ஷூ மாத்தியாச்சு, மாத்திரை சாப்பிட்டாச்சு, ஒண்ணும் கேக்கல. ஷூவைக் கழட்டிக் கவுத்துப் பாத்தா ரெண்டும் தேஞ்சிருந்த இடம் வேற வேற. ஓடற ரோட்டை ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துட்டு வரச் சொன்னேன், பாத்ததும் அவங்களுக்கே புரிஞ்சுடுச்சு. வாரத்துல ரெண்டு நாள் மைதானத்துக்கு மாத்தி, இடுப்புத் தசைக்கு பயிற்சி குடுத்து, தூரத்தைக் குறைச்சு, ஒரு ஆறு வாரத்துல சரியாச்சு.

நாய் துரத்தினா ஓடாதீங்க, நில்லுங்க, கண்ணைப் பாக்காம பக்கவாட்டுல திரும்பி மெதுவா விலகுங்க. கடிச்சாலும் சரி, பல்லு மட்டும் கீறினாலும் சரி, ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அன்னிக்கே ஊசி, சின்னக் கீறல்தானேன்னு விடற விஷயம் இல்ல. இடி சத்தம் கேட்டா ஓட்டத்தை அங்கயே முடிச்சுட்டு கட்டடத்துக்குள்ள போங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரைக்கும் வெளிய வராதீங்க, மரத்தடி வேணவே வேணாம்.

வெயில்ல ஓடணும்னா உடம்பு பழக 10லேர்ந்து 14 நாள் ஆகும், அது வரைக்கும் வேகத்தை மறந்துடுங்க. கூட ஓடறவர் திடீர்னு சம்பந்தமில்லாம பேசறாரு, தடுமாறறாரு, எரிஞ்சு விழறாருன்னா சோர்வுன்னு நினைக்காதீங்க, ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். வேர்க்குதே, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்லன்னு நினைக்கறது தப்பு, ஓடும்போது வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல பல பேருக்கு வேர்த்துக் கொட்டிட்டுதான் இருக்கும். ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணுங்க, அது வர்ற வரைக்கும் காத்திருக்காம குளிர்ந்த தண்ணியில கழுத்து வரைக்கும் முக்குங்க, தலை தண்ணிக்குள்ள போகாம ஒருத்தர் பிடிச்சுக்கணும், முக்க வழியில்லன்னா உடம்பு பூரா ஊத்திட்டே விசிறுங்க, குளிர வைக்கறதுதான் முதல் வேலை. அதுக்காக தண்ணியை மொடா மொடாவா குடிக்கறதும் ஆபத்துதான், 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்சவங்கள்ல 488 பேரோட ரத்தத்தைப் பாத்தப்ப 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கற உப்பு, குறைஞ்சிருந்துச்சு, அதுல பெரும்பாலும் அளவுக்கு மேல குடிச்சு, ஓடினப்புறம் எடை கூடினவங்க. தாகம் எடுத்தா குடிங்க, அவ்வளவே.

இவ்வளவு எழுதறேன், ஆனா எல்லா வலிக்கும் நிறுத்தணும்னு நான் சொல்றது இல்ல. பத்துக்கு மூணு மார்க் வரைக்கும் வலி இருந்து, ஓடும்போது ஏறாம, மறுநாள் காலையில பழைய நிலைமைக்கு வந்துச்சுன்னா குறைச்சு ஓடலாம். உடனே நிறுத்த வேண்டியது வேற: தொடை இடுக்குல ஆழமா வலி, கால் ஊணும்போது அதிகமாகுது, இது தொடை எலும்போட கழுத்துல விரிசலா இருக்கலாம், முழுசா உடைஞ்சா ஆபரேஷன்தான், நொண்டிக்கிட்டே "தசைப்பிடிப்பு"ன்னு தேய்ச்சுட்டு இருக்காதீங்க. அப்புறம் ஓடிட்டு இருக்கும்போதே மயக்கமா விழறது, நெஞ்சை அழுத்தறது. அதுக்கு என்கிட்ட வர வேணாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

அந்த 12 கிலோமீட்டர் சாருக்கு எட்டு வாரம் ஓட்டம் கிடையாதுன்னு சொன்னப்ப என்னை எதிரி மாதிரி பாத்தாரு. நடக்கும்போது வலி முழுசா போனப்புறம் 4 நிமிஷம் நடை 1 நிமிஷம் ஓட்டம்னு ஆரம்பிச்சோம், நடுவுல ஒரு நாள் மழைன்னு வராம இருந்துட்டு அடுத்த நாள் ரெண்டு மடங்கா ஓடட்டுமான்னு கேட்டாரு, பாருங்க, பழக்கம் விடாது. போன வாரம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல குதிகாலைத் தூக்கச் சொன்னேன், நல்ல கால்ல 24 தடவை தூக்கினாரு. அடிபட்ட கால் 15ல நடுங்க ஆரம்பிச்சு 17ல நின்னுடுச்சு. "பரவாயில்லையா மேடம்?"னாரு. 20 தாண்டட்டும் சார், அப்புறம் 5 கிலோமீட்டர் பத்திப் பேசலாம்னேன்.