"பல் எடுக்கலாமா?" என்று கேட்டால் "எடுக்கலாம்" என்றுதான் பதில் வரும்

பயிற்சியில் இருந்த பல் மருத்துவ மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். பொது மருத்துவருக்கு அவள் எழுதிய கடிதம். "இந்த நோயாளிக்குப் பல் எடுக்க உடல்தகுதி உள்ளதா எனத் தெரிவிக்கவும்" என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே வந்திருந்த பதில் அதைவிடச் சின்னது: "தகுதி உண்டு." கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"அப்போ ஊசி போட்டுடலாமா மேடம்?"

நோயாளி இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எவ்வளவு என்று கேட்டேன். "அதான் தகுதி உண்டுன்னு எழுதியிருக்காங்களே" என்றாள்.

அவளைக் கோபித்துப் பயனில்லை. மாணவியாக இருந்தபோது நானும் இதே வரியைத்தான் எழுதினேன். அது கேள்வியே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் இருக்கும் மருத்துவருக்கு நாம் ஆடும் பல் ஒன்றை எடுக்கப்போகிறோமா, எலும்பைச் செதுக்கி ஆறு பற்களை எடுக்கப்போகிறோமா என்று எப்படித் தெரியும்? பல் எடுப்பதைச் சாதாரணமாக நினைப்பவர் "தகுதி உண்டு" என்று எழுதிவிடுவார். பெரிய அறுவை சிகிச்சையாக நினைப்பவர் "மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தவும்" என்பார். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது பதில்தான். பல் எடுத்த குழியில் இரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்லலாம். மாத்திரையை நிறுத்தியதால் மூளையில் போய் அடைக்கும் இரத்தக்கட்டியை நாங்கள் என்ன செய்ய முடியும்? ஐ.என்.ஆர். 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பல் எடுக்க வார்ஃபரினை நிறுத்த வேண்டாம் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். (வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், பல் மருத்துவரிடம் போகும் முன் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.)

சரி, மறுபடி எழுது என்றேன். நான்கு முறை கிழித்துவிட்டு எழுதிய கடிதம் இப்படி இருந்தது: "கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள். மரத்துப்போகும் ஊசியில் எடுக்கிறோம், அரை மணி நேரம் ஆகும், தையல் போடுவோம். வார்ஃபரினை நிறுத்தாமல் செய்ய உத்தேசம். 24 மணி நேரத்துக்குள் எடுத்த ஐ.என்.ஆர். தேவை. வேறு ஏதேனும் தடை இருக்கிறதா?" இதற்கு அரைப்பக்கம் பதில் வந்தது. அளவு 2.6. கூடவே, சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், வலி மாத்திரையைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்காமலே ஒரு குறிப்பு.

பற்களை எடுத்தாயிற்று. அப்புறம்தான் வேடிக்கை. பழக்கதோஷத்தில் மருந்துச் சீட்டில் அமாக்ஸிசிலினோடு மெட்ரோனிடசோலையும் எழுதிவிட்டாள், இரண்டும் கிருமிக்கொல்லி மருந்துகள். சீட்டின் மூலையில் கையெழுத்துப் போட்டவள் நான். மருந்தாளுநர் தொலைபேசியில் கூப்பிட்டார். "வார்ஃபரின் சாப்பிடுறவருக்கா இது?" மெட்ரோனிடசோல் வார்ஃபரின் உடலில் சிதைவதைத் தடுக்கும், ஐ.என்.ஆர். சில நாட்களிலேயே மேலே ஏறும். மாணவிக்கு இது தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைப் பிடித்தவர் அந்த மருந்தாளுநர். தொற்று எதுவும் இல்லாத வாய்க்கு அந்த இரண்டு மருந்துமே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

2010-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கூட்டுப்பணி குறித்த ஆவணம், வெவ்வேறு மருத்துவத் துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்கிறது. நம் ஆட்கள் இதில் "ஒருவரோடு ஒருவர்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டு ஒன்றாகக் கற்றார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

"ஒருவரிடமிருந்து" என்பது எப்படி இருக்கும் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்தேன். வாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் மாணவர்கள் போயிருந்தார்கள். வாயில் சேரும் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு மாணவன் தூரிகையில் பற்பசையைத் தாராளமாகப் பிதுக்கி, தண்ணீர்க் கோப்பையையும் எடுத்தான். மூத்த செவிலியர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இவருக்கு விழுங்க வராதுப்பா. நுரை எங்கே போகும்?" தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, உறிஞ்சு குழாயைக் கன்னத்தின் உள்ளே வைத்துக்கொண்டு, ஈரத் தூரிகையில் பட்டும் படாமல் பசை தடவித் தேய்த்துக் காட்டினார். சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பதிலுக்கு ஒன்று கொடுத்துவிட்டும் வந்தார்கள்: நாக்கின் அடிப்பக்கத்தில் ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம்.

பொது மருத்துவம் படிப்பவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாக்கை நீட்டச் சொல்வார்கள், தொண்டையில் விளக்கடிப்பார்கள், ஈறை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். சர்க்கரை கட்டுக்குள் வராத நோயாளியின் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர், ஈறில் இரத்தம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு அமுலோடிபின் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தால் ஈறு தடித்தாலும் எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிவதில்லை, நாங்கள் கடிதம் போட்டால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை எலும்புத் தேய்மானத்துக்கு ஸோலெட்ரானிக் அமிலம் ஏற்றிக்கொள்பவரோ எங்களிடம் "மருந்து எதுவும் சாப்பிடுறதில்லை" என்பார். பொய் இல்லை, அவர் சாப்பிடவில்லையே! அந்த மருந்து ஏறிய தாடையில் பல் எடுத்தால் அபூர்வமாக எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஆகவே என் மாணவர்கள் இப்போது "ஊசியாகவோ டிரிப்ஸாகவோ ஏதாவது ஏற்றிக்கொண்டீர்களா?" என்று தனியாகக் கேட்கிறார்கள்.

சில மாதம் கழித்து அதே மாணவியின் மேசைக்கு இதயப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "வால்வு மாற்று அறுவைக்குப் பல் மருத்துவத் தகுதி வழங்கவும்." எழுதியவர் அங்கே பயிற்சியில் இருக்கும் ஒரு மாணவர். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நோயாளியின் வாயைப் பார்த்தாள், படம் எடுத்தாள், தொலைபேசியை எடுத்தாள்.

"மூணு பல் எடுத்தாகணும். உங்க ஆபரேஷன் எந்தத் தேதி? குழி ஆற எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்?"